தாம்பாளத்தின் ஓரத்தில் ஓர் ஒதளங்காய்

முப்பதுகளின் தொடக்கத்தில், ஒரு கோடை விடுமுறையில், இரணியலுக்கு மேற்கே ஒரு தோப்பு வீட்டில் நடந்தது இது. அப்போது எங்கள் ஊர்ப்பக்கமெல்லாம் திருவிதாங்கூர் ராஜ்ஜியம். எனக்கு இருபத்திரண்டோ இருபத்துமூன்றோ வயது. நாகர்கோவிலில் ஒரு மிஷன் பெண்கள் பள்ளியில் தையலும் சித்திரமும் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன்.

சித்திரம் என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. மேசை விரிப்பிலும் தலையணை உறையிலும் பிள்ளைகள் பூவேலை செய்வதற்குக் கொடியும் இலையும் வரைந்து கொடுக்க வேண்டும். அவ்வளவுதான். எண்ணெய் வண்ணத்தில் படம் எழுத எனக்குக் கற்றுத் தந்தது எங்கள் பள்ளியில் சில வருஷம் இருந்த ஒரு வெள்ளைக்கார அம்மா. அவர் சீமைக்குத் திரும்பும்போது தம்முடைய வண்ணப் பெட்டியை என்னிடமே விட்டுவிட்டுப் போனார். அதைத் திறக்க எனக்கு ஒரு காரணம் கிடைக்காமல் இருந்தது.

என் அம்மாவின் தங்கை அந்த ஊரில் இருந்தாள். சித்தப்பா அங்கே சபை ஊழியர். அவரிடம் ஊரின் பெரிய கொப்பரை வியாபாரி ஒருவர் கேட்டிருக்கிறார், உங்கள் மனைவியின் அக்கா மகள் படம் வரைவாளாமே, எங்கள் முன்கூடத்துக்கு ஒன்று வரைந்து தருவாளா என்று. ஏதோ ஒரு துரையின் பங்களாவில், சாப்பாட்டு மேசைக்கு மேலே, பழமும் பூவும் வைத்து வரைந்த படம் ஒன்றை அவர் பார்த்திருக்கிறார். அதைப் போலவே தம் வீட்டிலும் ஒன்று மாட்ட வேண்டும் என்பது ஆசை. வீட்டில் ஒரு விசேஷம் வருகிறது, அதற்குள் முடிந்தால் நல்லது என்றும் சொல்லியிருந்தார். என்ன விசேஷம் என்று நான் கேட்கவில்லை. விடுமுறை தொடங்கியதும் வண்ணப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சித்தி வீட்டுக்குப் போய்விட்டேன்.

நான் போன அன்று அந்த வீட்டில் சுவருக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள். வியாபாரி என்னிடம் பேசினார். அமைதியான மனிதர், குரலை உயர்த்தாதவர். ஆப்பிளும் திராட்சையும் வரைய முடியுமா என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்கு முன்னால் உள்ளேயிருந்து அவர் மனைவி சிரித்துக்கொண்டே வந்தாள்.

"நாம கண்ணால காணாத பழத்தை எதுக்கு வரையணும்? நம்ம சக்கையும் வாழைக்குலையும் போதாதா? வாறவங்க பாத்துட்டு வாயூறண்டாமா?"

அவரும் சிரித்துவிட்டார். அப்படியே முடிவாயிற்று. அவர் அன்றைக்கே வியாபார விஷயமாக ஆலப்புழைக்குப் புறப்பட்டுப் போனார்.

வீட்டுக்கார அம்மாவை நான் அக்கா என்று கூப்பிட்டேன். முப்பது வயதுக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். வாய் ஓயாத பேச்சு, பேச்சுக்குப் பேச்சு சிரிப்பு. எனக்கு ஒத்தாசை செய்வதில் அவளுக்கு அப்படியொரு உற்சாகம். முன்கூடத்தில் வடக்குப் பார்த்த ஜன்னல் ஓரமாக ஒரு மேசையைப் போட்டு, அதன்மேல் பெரிய பித்தளைத் தாம்பாளத்தை வைத்து, அவளேதான் எல்லாவற்றையும் அடுக்கினாள். பின்னால் பிளந்த சக்கை, அதாவது பலாப்பழம். அதன்மேல் சாய்த்தாற்போல் ஒரு சிவப்பு வாழைக்குலை. முன்னால் மாம்பழமும், கொல்லாம்பழம் என்கிற முந்திரிப்பழமும். பக்கத்தில் ஓர் உருளியில் தண்ணீர் ஊற்றித் தாமரையும், தோவாளையிலிருந்து வரும் பிச்சிப்பூவும், முற்றத்துக் கொன்றையும். எனக்குச் சொல்ல ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை. அவ்வளவு நல்ல கண் அவளுக்கு.

இந்த மாதிரிப் படம் வரைவதில் ஒரு சிரமம் உண்டு. எதிரே இருப்பதெல்லாம் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டே இருக்கும். தாமரை மத்தியானத்துக்குள் வாய் மூடிவிடும். கொன்றை உதிரும். பிளந்த சக்கையில் ஈ மொய்க்கும், மறுநாள் கறுத்துப்போகும். அதனால் முதலில் சாவதை முதலில் வரைய வேண்டும். பூ முதலில், அப்புறம் கனிந்த பழம், கடைசியில் காய். தினமும் காலையில் அக்கா புதிதாகப் பூப் பறித்து வந்து, நேற்று எந்தப் பூ எந்தப் பக்கம் தலைசாய்ந்திருந்ததோ அதே மாதிரி வைத்துத் தருவாள். சக்கையை மாற்றும்போதும் அப்படித்தான்.

அந்த வீட்டில் இன்னொரு பெண்ணும் இருந்தாள். வியாபாரியின் தங்கை. இளம் வயதிலேயே புருஷனை இழந்து அண்ணன் வீட்டோடு வந்துவிட்டவள். வெள்ளைத்துணி உடுத்தி, அடுக்களை வாசலில் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றபடி கூடத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். பேச மாட்டாள். அக்கா திரும்பினால் உள்ளே போய்விடுவாள். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் வந்து நிற்பாள். அவளைப் பார்க்க எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. நாத்தனார் கண் எப்போதும் கலங்கியே இருக்கிறதே, இந்த அக்கா எப்படி இந்தச் சிரிப்புச் சிரிக்கிறாள் என்று நினைத்துக்கொள்வேன்.

பூவை முடித்துவிட்டுப் பழத்துக்கு வந்திருந்தேன். ஒருநாள் காலையில் பூப் பறிக்கப் போன அக்கா புறவாசல் வழியாக உள்ளே வந்தாள். நாத்தனார் பின்னாலேயே வந்தாள். அக்கா நேரே மேசைக்கு வந்து, கையில் இருந்த ஒரு காயைத் தாம்பாளத்தின் ஓரத்தில் வைத்தாள். ஒதளங்காய்.

ஒதளங்காயை எங்கள் பக்கத்தில் தெரியாதவர்கள் இருக்க முடியாது. குளக்கரையிலும் வாய்க்கால் ஓரத்திலும் நிற்கும் மரம் அது. காய் பார்வைக்கு மாங்காய்தான். பளபளவென்று பச்சை, ஒரு பக்கம் லேசான சிவப்பு. ஆனால் கொடிய விஷம். பிள்ளைகள் நடக்கத் தொடங்கியதுமே அதைத் தொடாதே என்றுதான் சொல்லி வளர்ப்பார்கள்.

"இது எதுக்கு மைனி வீட்டுக்குள்ள?" என்றாள் நாத்தனார். அவள் குரலை அன்றுதான் முதல் தடவை கேட்டேன். எங்கள் பக்கத்தில் அண்ணன் மனைவியை மைனி என்றுதான் கூப்பிடுவார்கள்.

"தின்னதுக்கா கொண்டு வந்தேன்? டீச்சருக்கு வரையதுக்கு," என்று சிரித்தாள் அக்கா. "பழம் எல்லாம் ஒரே சிவப்பும் மஞ்சளுமா கெடக்கு. ஒரு பச்சை வேண்டாமா? சொல்லு டீச்சரே."

உண்மைதான். அந்த இடத்தில் பச்சை இல்லாதது எனக்கே குறையாகப் பட்டிருந்தது. அந்தக் காய் வந்ததும் பக்கத்திலிருந்த மாம்பழத்தின் நிறம்கூடத் தூக்கிக் காட்டியது. ஆமாம், நன்றாகத்தான் இருக்கிறது என்றேன். நாத்தனார் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

அன்றும் மறுநாளும் வேலை நன்றாக ஓடியது. ஒதளங்காயின் வடிவத்தைப் போட்டு, அடிவண்ணமும் கொடுத்து, ஒரு பக்கத்து ஒளியை மட்டும் முடித்து வைத்தேன். அது வாடாத காய், கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

அதற்கடுத்த நாள் காலையில் போனபோது மேசையில் எல்லாம் இருந்தது. ஒதளங்காய் மட்டும் இல்லை.

மேசைக்கு அடியில் பார்த்தேன். உருளிக்குப் பின்னால் பார்த்தேன். அக்காவைக் கேட்டேன்.

"எலி கொண்டு போயிருக்கும் மக்கா. போட்டு. மாங்காயை வச்சு வரைஞ்சுக்கோ," என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

எலி அதைத் தொடாது என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். நான் திரும்பி அடுக்களை வாசலைப் பார்த்தேன். நாத்தனார் நின்றுகொண்டிருந்தாள். முகம் வெளுத்திருந்தது. என்னிடம் ஏதோ சொல்ல வந்தவள்போல ஓர் அடி எடுத்து வைத்து, அக்கா திரும்பியதும் நின்றுவிட்டாள். இவள்தான் எடுத்திருக்கிறாள் என்று முடிவு கட்டிவிட்டேன். புருஷன் இல்லாதவள், பிள்ளை இல்லாதவள், அண்ணன் சோற்றில் இருப்பவள், எப்போதும் கலங்கிய கண்ணோடு நிற்பவள். வேறு யார் எடுக்கப் போகிறார்கள்?

அன்று முழுவதும் மாம்பழத்தின்மேல் வண்ணத்தைத் தேய்த்தேனே தவிர, உருப்படியாக ஒன்றும் செய்யவில்லை. பொழுது சாய்வதற்கு முன்பே சித்தி வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். சித்தி புறவாசலில் உட்கார்ந்து மீன் செதில் சுரண்டிக்கொண்டிருந்தாள். காய் காணாமல் போனதையும் நாத்தனாரைப் பற்றிய என் பயத்தையும் சொன்னேன்.

"அவளுக்கு என்னட்டி கொறச்சல்?" என்றாள் சித்தி. "அவ துக்கம் பழைய துக்கம். பாவம்னா அந்த வீட்டுக்காரிதான்."

"அவளுக்கு என்ன? நாள் முழுக்கச் சிரிச்சிட்டே இருக்காளே."

சித்தி கையை நிறுத்தினாள்.

"ஏட்டி, ஒனக்கு ஒண்ணுமே தெரியாதா? எந்த விசேஷத்துக்கு நீ படம் வரையுதன்னு நெனச்ச? அவருக்கு ரெண்டாங் கல்யாணம். தக்கலைப் பக்கத்துப் பொண்ணு. இத்தனை வருஷமா பிள்ளை இல்லல்லா. பொண்ணு பாத்து முடிச்சதே இவதான். ஊரே அவளை மெச்சுது."

சித்தப்பா எனக்குச் சொல்லியிருப்பார் என்று சித்தி நினைத்திருந்தாள். சித்தி சொல்லியிருப்பாள் என்று சித்தப்பா நினைத்திருப்பார். நான் கேட்டிருக்கவும் இல்லை. வெள்ளையடித்த சுவர், புதிதாகச் சாயம் பூசிய கதவு, முற்றத்தில் பந்தல் போட இறக்கிவைத்திருந்த மூங்கில் எல்லாம் என் கண்முன்னால்தான் இருந்தன. ஒரு மாம்பழத்தின் நிழல் தாம்பாளத்தில் எந்த நிறத்தில் விழுகிறது என்று நாள் கணக்கில் பார்த்தவள் நான்.

சித்தப்பாவிடம் சொல்லலாமா என்று யோசித்தேன். அவர் என்ன செய்வார்? வீட்டு ஆண் ஊரில் இல்லை. விஷயம் நாலு பேர் வாய்க்குப் போனால், அதுவே அந்த அக்கா, தான் எடுத்து ஒளித்த காயைத் தின்ன ஒரு காரணமாகிவிடும். அன்றிரவு சரியாகத் தூங்கவில்லை. விடிந்ததும் கிளம்பிவிட்டேன்.

வழியெல்லாம் என்ன பேசுவது என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். எனக்கு ஆறுதல் சொல்ல வராது. சாவு வீட்டில்கூடப் போய் ஓரமாக உட்கார்ந்துவிட்டு எழுந்து வருகிறவள் நான். வேதத்திலிருந்து ஒரு வசனம் சொல்லலாமா என்றால், அவர்கள் வேறு மதம். புத்தி சொல்லலாமா என்றால், என்னைவிடப் பத்து வயது மூத்தவள். நான் கல்யாணம் ஆகாதவள். என்ன சொன்னாலும் பொருந்தாது.

அக்கா உருளியில் தாமரையை வைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "என்ன டீச்சரே, கோழி கூவதுக்கு முந்தியே வந்தாச்சு?" என்று சிரித்தாள். நான் தயாரித்துக்கொண்டு போனதெல்லாம் மறந்துவிட்டது. கித்தானைப் பார்த்தேன். ஓரத்தில் பாதியில் நின்ற காய். வாயில் வந்ததைச் சொன்னேன்.

"அக்கா, அந்த ஒதளங்காய் எனக்கு வேணும்."

"அதுதான் போச்சே."

"பாதிதான் வரைஞ்சிருக்கேன். அது இல்லாம படத்தை முடிக்க முடியாது."

"வேற ஒண்ணு பறிச்சுத் தாறேன்."

"வேற ஆகாது. ஒவ்வொரு காயும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். காம்புப் பக்கத்துல ஒரு தழும்பு இருந்தது, அதுவரைக்கும் வரைஞ்சாச்சு. எனக்கு அதே காய்தான் வேணும்."

அவள் என்னைப் பார்த்தாள். நானும் பார்வையை எடுக்கவில்லை. அவள் கையிலிருந்த தாமரைத் தண்டிலிருந்து தண்ணீர் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. அது இல்லாமல் அந்த முகத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததே இல்லை. வேறு யாரோ போலிருந்தாள்.

பூவை வைத்துவிட்டு உள்ளே போனாள். நெல் கொட்டிவைக்கும் பத்தாயத்தின் பலகையைக் கழற்றும் சத்தம் கேட்டது. நெல் சரிந்து விழும் சத்தமும் கேட்டது. திரும்பி வந்தபோது கையில் காய் இருந்தது. அதில் நெல்லுமி ஒட்டியிருந்தது. முந்தானையால் துடைத்து, தாம்பாளத்தின் ஓரத்தில், முன்பு இருந்த அதே இடத்தில், அதே பக்கம் திருப்பி வைத்தாள்.

"வரை," என்றாள்.

நான் உட்கார்ந்து வரைந்தேன். வண்ணத்தைக் குழைத்து, நெல்லுக்குள் இருந்ததில் அதன் பச்சை கொஞ்சம் மங்கியிருப்பதைக்கூடக் கவனித்தேன். அவள் எதிரே தரையில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்துகொண்டாள். பூ வாடும், தண்ணீர் மாற்ற வேண்டும் என்றெல்லாம் அன்று எழுந்திருக்கவே இல்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவளாகவே பேசினாள்.

"அது படத்துக்குக் கொண்டு வந்தது இல்ல."

"தெரியும்."

"கையில வச்சிருக்கத இவ பாத்துட்டா. அதனாலதான் டீச்சருக்குன்னு சொன்னேன்."

இவ என்று சொன்னபோதுதான் திரும்பிப் பார்த்தேன். நாத்தனார் அடுக்களை வாசலில் நிற்கவில்லை. கூடத்துக்குள் வந்திருந்தாள். அக்காவின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அவள் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

பிறகுதான் எல்லாம் தெரிந்தது. கல்யாணம் நிச்சயமான நாளிலிருந்தே நாத்தனாருக்குச் சந்தேகம். அக்காவின் சிரிப்பு கூடிக்கொண்டே போனதுதான் அவளைப் பயமுறுத்தியிருக்கிறது. அதனால்தான் எந்த நேரமும் வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். இரவில் அக்காவின் அறை வாசலுக்குக் குறுக்கே பாய் போட்டுப் படுத்தாள். காய் மேசைமேல் இருக்கும்வரை கண்ணுக்குத் தெரிகிறதே என்று சும்மா இருந்திருக்கிறாள். அது காணாமல் போன அன்று வீடு முழுவதும் தேடியிருக்கிறாள்.

"உங்ககிட்ட சொல்லலாமான்னு பாத்துப் பாத்து நின்னேன் டீச்சர்," என்றாள். "நீங்க படத்துல இருந்து தலையைத் தூக்கினாதானே?"

அவள் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள். இந்தப் பெண்ணைத்தான் நான் முந்தின நாள் அப்படி நினைத்திருந்தேன்.

மத்தியானத்துக்குள் காயை முடித்தேன். முடிந்தது என்றதும் நாத்தனார் ஒரு பழந்துணியில் அதை எடுத்துக்கொண்டு போய், தோப்பின் மூலையில் மண்வெட்டியால் ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்துவிட்டு வந்து கை கழுவினாள். அக்கா அதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குச் சோறு போட மறந்துபோய்விட்டது என்று திடீரென்று எழுந்து ஓடினாள். அன்று மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டோம். யாருக்கும் பெரிதாகப் பசி இல்லை.

வியாபாரி மறுநாள் மாலை வந்தார். நான் தூரிகைகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். வந்ததும் வராததுமாகப் படத்தின் முன்னால் போய் நின்றார். அவர் முகம் மலர்ந்தது.

"கொள்ளாம், கொள்ளாம். சக்கை மணக்குது," என்றார். பிறகு குனிந்து பார்த்து, "இங்கிண ஓரத்துல இருக்கது மாங்காயா?" என்று கேட்டார்.

"இல்லைங்க. ஒதளங்காய்."

"அதை எதுக்கு வரைஞ்சீங்க?"

என் பின்னாலிருந்து நாத்தனாரின் குரல் வந்தது.

"அது உனக்க வீட்டுப் பத்தாயத்துல கெடந்தது அண்ணே. மைனி ஒளிச்சு வச்சது."

அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் பக்கத்திலிருந்த பெஞ்சைத் தடவிப் பார்த்து உட்கார்ந்தார். மேல்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அவ சிரிச்சிட்டுதானே சரின்னு சொன்னா," என்றார். அதை எங்களிடம் சொன்னாரா, தமக்கே சொல்லிக்கொண்டாரா தெரியவில்லை.

"அழுதுட்டுச் சொல்லியிருந்தா விட்டிருப்பியா?" என்றாள் தங்கை.

கெட்ட மனிதர் என்று அவரைச் சொல்ல எனக்கு மனம் வராது. ஊரும் உறவும் வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்ததைத்தான் அவர் செய்யப் போனார். ஒரு வார்த்தை எதிர்த்து வராததால் எல்லோருக்கும் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

அக்கா உள்ளேயிருந்து வந்தாள். தலை வாரி, முகம் கழுவியிருந்தாள். அவர் முன்னால் நின்று, நிதானமாகச் சொன்னாள்.

"நீங்க கல்யாணம் கழிச்சுக்கிடுங்க. நான் தடுக்கல. ஆனா பந்தியில நின்னு சிரிச்சுச் சிரிச்சு விளம்ப என்னால முடியாது. கடற்கரைப் பக்கம் எனக்க அப்பா தந்த தோப்புல ஒரு வீடு கெடக்குல்லா, அங்க போயி இருக்கேன்."

"நானும் மைனி கூடப் போறேன்," என்றாள் நாத்தனார்.

அதற்குமேல் நான் அங்கே நிற்பது சரியில்லை என்று தோன்றியது. பெட்டியை எடுத்துக்கொண்டு புறப்பட்டுவிட்டேன். அந்த வீட்டில் அப்புறம் என்ன பேச்சு நடந்தது என்று எனக்குத் தெரியாது. சித்தி வழியாகக் கேள்விப்பட்டதுதான் மிச்சம். அவர் தடுத்துப் பார்த்தாராம். கல்யாணத்தை நிறுத்துகிறேன் என்றுகூடச் சொன்னாராம். நிறுத்தினால் எனக்காக நிறுத்தியதாக ஆயுசு முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பீர்கள், வேண்டாம் என்றாளாம் அக்கா. ஒரு வாரத்துக்குள் இரண்டு பெண்களும் ஒரு மாட்டு வண்டியில் சாமான்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். புருஷன் வீட்டை விட்டு மனைவி போவது ஊருக்குப் புதிதில்லை. புருஷனின் தங்கை அவளோடு போனதுதான் புதிது. அதைப் பற்றி இரண்டு மாதம் பேசினார்கள். கல்யாணம் பந்தல் இல்லாமல், கோயிலில் வைத்துச் சுருக்கமாக நடந்தது. இளையவளுக்கும் பிள்ளை பிறக்கவில்லை என்று பின்னால் தெரிந்தது. அதில் சந்தோஷப்பட்டவர்கள் யாரும் எனக்குத் தெரிந்து இல்லை. அக்காதான், "பாவம், இனி அந்தப் பிள்ளையையும் ஊரு ஒரு வழியாக்கிடுமே," என்று கவலைப்பட்டாள்.

படத்தை அக்கா தன்னோடு கொண்டுபோய்விட்டாள். அடுத்த வருஷ விடுமுறையில் அவர்கள் தோப்புக்குப் போனேன். சின்ன வீடு, மண் தரை, கடற்காற்று. இருவரும் தேங்காய் வெட்டிக் காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள். கோழி வளர்த்தார்கள். ஒரு பசுவும் நின்றது. நாத்தனார் என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டாள், பேசவும் பேசினாள். அவளுக்கு இவ்வளவு பேச வருமா என்று இருந்தது. அக்காவிடம் சிரிப்பு குறைந்திருந்தது. சிரிக்க ஏதாவது இருந்தால் மட்டும் சிரித்தாள். எனக்கு அது நல்லதாகப் பட்டது. படத்தை உப்புக்காற்று படாமல் உள்ளறையில் மாட்டியிருந்தாள். வருகிறவர்களிடம் சக்கையைக் காட்டித்தான் பெருமைப்படுவாளாம்.

அன்று கிளம்பும்போது, மனதில் இருந்ததைக் கேட்டுவிட்டேன். அன்றைக்கு அந்தக் காயை ஏன் எனக்குக் கொடுத்தாய், இல்லை என்று சாதித்திருக்கலாமே என்று. அவள் யோசித்துத்தான் பதில் சொன்னாள்.

"எல்லாரும் எனக்கிட்ட கேட்டது ஒண்ணுதான் மக்கா. நீ சம்மதி, நீ விட்டுக்குடு, நீ ஒதுங்கிக்கோ. எனக்கு இது வேணும், நீதான் தரணும்னு அந்த வீட்டுல அத்தனை வருஷமா ஒருத்தரும் கேட்டதில்ல. நீ கேட்ட. குடுத்துட்டேன்."

நான் அன்று பெரிய புத்தியோடு அப்படிக் கேட்கவில்லை என்று அவளிடம் சொன்னேன். சொல்ல வேறு வார்த்தை கிடைக்காமல் வாயில் வந்தது அது. தெரியும் என்றாள்.

அதற்குப் பிறகு நிறைய வருஷம் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தேன். வீட்டிலிருந்து தாங்க முடியாத துக்கத்தோடு வரும் பிள்ளைகள், கூட வேலை செய்தவர்கள், அக்கம்பக்கத்துப் பெண்கள் என்று எத்தனையோ பேர் என்முன்னால் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். எனக்கு ஆறுதல் சொல்ல இன்றைக்கும் வராது. ஆனால் யாராவது தேவைக்கு மேலே சிரித்தால் நான் கையிலிருக்கும் வேலையைக் கீழே வைத்துவிடுவேன், அப்புறம் அவர்களால் மட்டுமே எனக்குத் தர முடிந்த ஏதாவது ஒன்றைக் கேட்பேன். பலர் தந்திருக்கிறார்கள்.